அண்ணனும் அந்தப் பதினேழு படிவங்களும்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. ஆண்டுத் திதிக்கு வரும் உறவினர்களுக்கும் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் கொடுப்பதற்காக இந்த மலரை அச்சிடுகிறோம். கட்டுரையை நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னபோது, எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். அண்ணனுக்கு வாத்தியார் வேலை பார்க்கும் மருமகன் இருக்கிறார். அவரை விட்டுவிட்டு என்னிடம் ஏன் கேட்கிறார்?

"அவரோட டிப்போ சங்கதி யாருக்குத் தெரியும் தம்பி? நீங்கதான் கூடவே இருந்தீங்க. நீங்களே எழுதுங்க" என்றார். முகத்தை உற்றுப் பார்த்தேன். அதில் ஒன்றும் பிடிபடவில்லை.

என் குணம் உறவுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். பலமனேர் தக்காளிக் கூடையின் அடிவரைக்கும் கையை விட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டேன். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், சீட்டு ஈரமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். அண்ணனுக்கு இதில் பாதி கூடக் கிடையாது. ஒரே வயிற்றில் பிறந்தும் அப்படித்தான்.

புத்தூரிலிருந்து நகரி போகும் பாதையில் உள்ள எங்கள் ஊரில், நைனாவுக்கும் அம்மாவுக்கும் தலைப்பிள்ளையாக அண்ணன் பிறந்தார். அவர் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது நைனா இறந்துபோனார். அன்றோடு அண்ணனின் படிப்பு நின்றது. கடலைக்காய் வயலில் கூலிக்குப் போனார், ரயில் பாதைக்குக் கல் சுமந்தார். அந்தக் கல்லில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். எட்டாம் வகுப்பு தேறிய அன்று என் தலையில் கை வைத்து, "நீ எழுதுடா, நான் தூக்குறேன்" என்றார்.

உலகச் சண்டைக் காலத்தில் ஏர்பேட்டுக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவே ராணுவத்துக்கு ஒரு சரக்கு டிப்போ போட்டார்கள். கூடாரத் துணி, பூட்ஸ், இரும்புச் சாமான் எல்லாம் வந்து இறங்கும். சீருடைக்காரர்கள் கொஞ்சம் பேர். மூட்டை தூக்குவது, அடுக்குவது, எண்ணுவது எல்லாம் எங்களைப் போன்ற சிவிலியன்கள். அண்ணன் லோடு ஆளாகச் சேர்ந்து மேஸ்திரி ஆனார். பிறகு என்னையும் கணக்கெழுத்து குமாஸ்தாவாக உள்ளே சேர்த்துவிட்டார்.

ராணுவத்துக்குள் இருந்தாலும் சிவிலியன்களின் ஆள் விஷயங்களைப் பேச ஒரு குழு உண்டு. எந்த ஷெட்டுக்கு எத்தனை ஆள், யாரை எங்கே மாற்றுவது, மழைக் கோட்டு, தண்ணீர்ப் பானை எல்லாம் அங்கேதான் பேச்சு. மாதம் ஒருமுறை மேஜைக்கு அந்தப் பக்கம் மேஜரும் அவருடைய ஆட்களும், இந்தப் பக்கம் தொழிலாளர் சார்பில் மூன்று பேரும் உட்காருவார்கள். அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. நாங்கள் மேஜைக் கூட்டம் என்போம். எங்கள் மூன்று பேரில் அண்ணன் மூத்தவர்.

எழுத்து அதிகம் வராததால் அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். கூட்டத்துக்கு முதல் நாள் ஷெட் ஷெட்டாகப் போய்க் குறை கேட்பார். ஒரு குறைக்கு ஒரு முடிச்சு, தோள் துண்டின் ஓரத்தில். மேஜையில் அது தீர்ந்தால் அங்கேயே, மேஜர் கண் முன்னாலேயே அவிழ்ப்பார். வெளியே வரும்போது எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், துண்டைத்தான் பார்ப்பார்கள். எத்தனை முடிச்சு மிச்சமோ அத்தனை விஷயம் நிற்கிறது என்று அர்த்தம். இரண்டாவது ஷெட்டுக்குத் தகரக் கூரை வந்ததும், காய்ச்சல் லீவு வந்ததும் அந்தத் துண்டில் அவிழ்ந்த முடிச்சுகள்தான்.

ஆனாலும் பேச்சு இருந்தது. கூட்டத்தில் டீயோடு பிஸ்கட்டு கொடுப்பார்கள். அண்ணன் தின்னாமல் சட்டைப் பையில் போட்டு மகளுக்குக் கொண்டு வருவார். பை உப்பியிருப்பதைப் பார்த்துவிட்டு "பிஸ்கட்டு மேஸ்திரி வந்துக்கினு கீறாரு" என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

மதராஸிலிருந்து ஆந்திர மாநிலம் பிரிந்த மறு வருஷம் அது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று எல்லா இடத்திலும் இதே பேச்சு. ரயில் நிலையப் பலகையில் எந்த எழுத்து மேலே இருக்க வேண்டும் என்பதற்குக் கூடச் சண்டை. எங்கள் டிப்போவிலோ சத்தியவேடு, அரக்கோணம் பக்கத்து மதராஸ்காரர்கள் பதினேழு பேர் ரேணிகுண்டாவில் குடிசை எடுத்துத் தங்கி வேலை பார்த்தார்கள். காலையில் நாலு பேர் தெலுங்கில் பேசிச் சிரித்தால் கூட, நம்மைப் பற்றித்தானோ என்று அவர்கள் திரும்பிப் பார்க்கும் காலம்.

அந்த மாதம் அண்ணன் கூட்டத்திலிருந்து வந்தபோது துண்டில் ஒரே ஒரு முடிச்சு இருந்தது. முதல் நாள் அவர் போட்ட முடிச்சு இல்லை அது. உள்ளே உட்கார்ந்தே புதிதாகப் போட்டது. கேட்டுக்கு வெளியே எல்லாரையும் நிற்க வைத்துப் பேசினார்.

"நாளைக்கு ஒரு ஃபாரம் குடுப்பாங்க. சொந்த ஊரு, தாலுக்கா, மாநிலம் கேட்டிருக்கும். எது நெஜமோ அதயே எழுதுங்க."

"எதுக்கு மேஸ்திரி கேக்குறாங்க?" என்றான் சத்தியவேட்டு முனுசாமி.

"அத இப்ப சொல்ல முடியாது. உள்ள வாக்கு குடுத்துட்டு வந்துகீறேன்."

"அந்த முடிச்சு?"

"அது இருக்கட்டும்" என்று துண்டை மடித்துக்கொண்டார்.

போதாதா எனக்கு? சொல்ல முடியாத விஷயம் என்றால் அதில் வில்லங்கம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? மதராஸ்காரர்களைப் பொறுக்கி வெளியே தள்ளப் போகிறார்கள், அதற்குத்தான் இந்தப் படிவம் என்று முடிவே கட்டிவிட்டேன். மறுநாள், எழுதத் தெரியாத பதினேழு பேரும் என்னிடம்தான் வந்தார்கள்.

"மதராஸ்னு போடாதீங்க. ஏர்பேடு, வடமாலபேட்டை, எதையாவது சொல்லுங்க, ஆந்திரான்னு எழுதிடுறேன்" என்றேன்.

முனுசாமி தயங்கினான். "மேஸ்திரி வேற மாதிரி சொன்னாரேப்பா."

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணன் வெளிய சொல்றது ஒண்ணு, உள்ள வெச்சுக்கினு கீறது ஒண்ணு. ஆபீசர் காதுல விழணும்னு அப்படிச் சொன்னாரு. வீட்ல என்கிட்ட நெஜத்த சொல்லிட்டாரு."

"சத்தியமா அவரே சொன்னாரா?"

"எங்கண்ணன் எனக்குச் சொல்லாம உனக்கா சொல்வாரு?"

அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினேழு படிவத்திலும் என் கையால் பொய் ஊர் எழுதினேன். பதினேழு பேரின் கட்டைவிரலையும் நானே மையில் ஒற்றி வைத்தேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக எண்ணி, வீட்டுக்கு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

விஷயம் இதுதான். டிப்போவைச் சுருக்கப் போகிறார்கள். மேலிடத்து உத்தரவு கைக்கு வரும் வரை வெளியே சொல்லக் கூடாது என்று மேஜைக் கூட்டத்தில் வாக்கு வாங்கியிருந்தார்கள். அதே கூட்டத்தில் அண்ணன் மல்லுக்கட்டி ஒரு காரியம் சாதித்திருந்தார். மிச்சமாகும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பக் கூடாது; அவரவர் சொந்த மாநிலத்தில் உள்ள டிப்போவில் வேலை கொடுக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்து அவர் போட்ட முடிச்சு அதற்குத்தான். மதராஸ்காரர்கள் மதராஸ் பக்கத்து டிப்போவுக்குப் போயிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிட்டிருப்பார்கள். ஆந்திரா என்று எழுதியவர்களுக்கு வடக்கே, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ரயிலில் போக வேண்டிய ஊர்.

பட்டியல் ஒட்டிய அன்று முனுசாமி கேட் ஓரத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவிக்கு அது எட்டாம் மாதம். பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை. "உங்கண்ணன் பேச்ச நம்புனேனே" என்று என்னைப் பார்த்து அழுதான். நான் தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல நகர்ந்துவிட்டேன்.

வீட்டில் அண்ணன் சோற்றில் கை வைத்தபடி கேட்டார். "நீதானே எழுதுன?"

"ஆமா."

"என் பேரச் சொன்னியா?"

நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ துன்னு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினார்.

மறுநாள் அவசரக் கூட்டம். அங்கே நடந்ததை, மேஜையில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்காரும் சுப்பராயுடு பிற்பாடு என்னிடம் சொன்னார். சர்க்கார் படிவத்தில் பொய் எழுதினால் வேலை போகும், எழுதிக் கொடுத்தவனுக்கும் சேர்த்துப் போகும் என்று மேஜர் சொல்லியிருக்கிறார். ஆனால் குழு உறுப்பினரே தவறாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் அது அவர்கள் பொய்யாகாது. கலந்து பேசியதில் நேர்ந்த பிழை. அதைத் திருத்த மேஜைக்கே அதிகாரம் உண்டு என்றும் மேஜரே சொன்னாராம். அண்ணன் எழுந்து நின்றிருக்கிறார்.

"சாப், நான்தான் தப்பா புரிஞ்சிக்கினு அப்படி எழுதச் சொன்னேன். அவங்க மேல ஒண்ணும் இல்ல."

சுப்பராயுடு என்னையே பார்த்துக்கொண்டு, "உங்கண்ணன் பொய் சொல்ற மனுஷன் இல்லையே அய்யா. எந்துக்கு அப்படிச் சொன்னான்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். இவர் எதற்கு என் வாயைக் கிளறுகிறார் என்று அவர் மேலேயும் சந்தேகப்பட்டேன்!

படிவங்கள் திருத்தப்பட்டன. பதினேழு பேரும் மதராஸ் பக்கம் போனார்கள். அண்ணனின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். மேஜையிலிருந்து அவரை நீக்கினார்கள். வடக்கே காலியான ஓர் இடத்துக்கு அவரையே மாற்றினார்கள். "பிஸ்கட்டு துன்னுட்டு எங்கள மாட்டிவிட்டான்" என்று பதினேழு பேரும் காறித் துப்பினார்கள். அவர் பேரில் நான் சொன்ன பொய்யும் மேஜையில் அவர் சொன்ன பொய்யும் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்திவிட்டன.

ரேணிகுண்டா பிளாட்பாரத்துக்கு நானும் அண்ணியும் மட்டும்தான் வந்தோம். பெட்டியை ஏற்றிவிட்டு, அண்ணியின் காதில் படாமல் கேட்டேன். "எதுக்குண்ணா இப்படிப் பண்ண?" அப்போதும், இதில் அவருக்கு ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று ஒரு மூலையில் நினைத்தேன். என்னை என்ன செய்வது?

"உன் பேரச் சொன்னா நீயும் போவ, அவங்களும் போவாங்க. என் பேரச் சொன்னா மேஜதானே போச்சு" என்றார். பிறகு துண்டின் ஓரத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். "அவங்க போய்ச் சேந்து வேலைல உக்காரட்டும். அப்புறமா நீயே சொல்லிடு. என்ன? நீ சொல்லிட்டேன்னு லெட்டர் போட்டா நான் இத அவுக்கறேன்."

சரி என்றேன்.

சொல்லவில்லை. முதல் மாதம் பயம். அடுத்த மாதம் வெட்கம். பிறகு, இனி எதற்கு என்ற சோம்பேறித்தனம். ஐந்து வருஷம் அண்ணன் ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும், எழுதிக் கொடுப்பவரிடம் ஒரே வரி சேர்க்கச் சொல்லுவார்: "முனுசாமி, மத்தவங்க யாராவது பேசினாங்களா?" நான் ஊர் நலம் எழுதி அனுப்புவேன். போன வருஷம் நெஞ்சு வலியோடு லீவில் வந்தவர் திரும்பிப் போகவில்லை. கடைசி நாட்களில் மட்டும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் எல்லைக் கோடு போட்டு முடித்தார்கள். சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்துவிட்டது. முனுசாமியின் படிவத்தில் நான் பொய்யாக எழுதிய மாநிலம் இன்று அவன் மாநிலமாகிவிட்டது. சர்க்காரே என் பொய்யை மெய்யாக்கிவிட்டதே, இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று கூட ஒருநாள் நினைத்தேன். அவ்வளவு கீழான புத்தி.

அண்ணனைச் சுமந்த நாலு பேருக்கும், அழைக்காமலே வந்து பந்தல் போட்ட பக்கத்துத் தெருக்காரர்களுக்கும், மூன்று நாள் எங்களுக்குச் சோறாக்கிக் கொடுத்த சுப்பராயுடு வீட்டாருக்கும், வைத்தியம் பார்த்த டாக்டர் அய்யாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முனுசாமிக்கும் நன்றி. அவன் வந்தான். பந்தலுக்கு வெளியே செருப்பைக் கழற்றாமல் நின்று பார்த்துவிட்டு, வாய்க்கரிசி போடாமல் போய்விட்டான். அவன் மேல் குற்றமே இல்லை.

சடங்கெல்லாம் முடிந்து பெட்டியைத் திறந்தபோது அந்தத் துண்டு மேலேயே இருந்தது. முடிச்சு அப்படியே, கல் மாதிரி இறுகியிருந்தது. அண்ணி அதை என் கையில் கொடுத்தார். "இத மட்டும் தோய்க்கும்போது கூட அவுக்க விடமாட்டாரு தம்பி. என்னாத்துக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" அப்போதும் நான் தெரியாது என்றேன். பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னார். அண்ணி, இப்போது தெரிந்திருக்கும். என்னை மன்னிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திதிக்கு வர முடியாத மற்றவர்களுக்கு இந்த மலர் தபாலில் வரும். அந்தப் பதினேழு பேருக்கு மட்டும் தபாலை நான் நம்பவில்லை. சத்தியவேட்டிலிருந்து தொடங்கி வீடு வீடாக நானே கொண்டு வருகிறேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசலில் நின்று படித்துக் காட்டுவேன். இந்த முறை எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே படிப்பேன். சந்தேகமாக இருந்தால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளை விட்டு இன்னொரு தரம் படிக்கச் சொல்லுங்கள். அந்தத் துண்டு என் தோளில் இருக்கும். அதை அவிழ்க்க எனக்கு யோக்கியதை இல்லை. அண்ணன் மேல் இருந்த கோபம் தீர்ந்தது என்று தோன்றினால், உங்களில் யாராவது ஒருவர் அந்த முடிச்சை அவிழ்த்துக் கொடுங்கள்.