பத்தாயிரத்து ஒன்று

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது கணக்கு டீச்சர் ஆளுக்கொரு பகா எண் கொண்டுவரச் சொன்னார். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். மற்றவர்கள் பதின்மூன்று, பதினேழு என்று சுலபமாக முடித்துக்கொண்டார்கள். எனக்கு அதெல்லாம் அற்பமாகப் பட்டது. நான் 10001-ஐப் பிடித்துக்கொண்டேன்.

நூற்றுக்குள் இருக்கும் இருபத்தைந்து பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுபத்தொன்று வரை வகுத்தேன். ஒவ்வொன்றிலும் மீதி வந்தது. இன்னும் ஐந்துதான் பாக்கி. அப்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது. எதிரே உப்பளத்தில் குவியல்களை மூட ஆட்கள் தார்ப்பாயோடு ஓடினார்கள். வேடிக்கை பார்க்கப் போனவள் அந்த ஐந்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. இருபது முறை வராதது இனிமேலா வந்துவிடப் போகிறது?

“எல்லாத்தையும் போட்டுப் பார்த்தியா?” என்றார் டீச்சர் மறுநாள்.

“பார்த்துட்டேன் டீச்சர்.”

வகுப்புச் சுவரில் மாட்டிய சார்ட்டில் என் எண் சிவப்பு மையில், எல்லாவற்றுக்கும் மேலே ஏறியது. அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். சவுதியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவரிடமும் வீடியோ காலில் பீற்றிக்கொண்டேன். “மாஷா அல்லாஹ்” என்றவர் அந்த எண்ணை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து கூப்பிட்டவர் ஓர் அட்டைப்பெட்டிக் கிழிசலை கேமராவுக்கு நேராகக் காட்டினார். இரண்டிலிருந்து தொடங்கி, நான்கு, ஆறு, எட்டைக்கூட விடாமல் எல்லா எண்ணாலும் வரிசையாக வகுத்திருந்தார். இரண்டால் வகுபடாதது நான்கால் எப்படி வகுபடும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

“ஏம்மா, எழுபத்து மூணுல மீதி வரமாட்டேங்குது. நூத்து முப்பத்தேழு தடவை சரியா போயிடுது. எங்க தப்பு பண்ணேன்னு சொல்லேன்.”

நான் போடாமல் விட்ட ஐந்தில் முதல் எண் அது. “நீங்கதான் எங்கயோ தப்பு பண்ணிட்டீங்க அத்தா.”

“அப்படித்தான் இருக்கும். நாளைக்கு லோடு ஏத்துற நேரத்துல மறுபடி போட்டுப் பார்க்கிறேன்.”

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நோட்டை எடுத்தேன். 73 × 137. நான்கு முறை பெருக்கினேன். நான்கு முறையும் 10001. நாளைக்கு அத்தா வெயிலில் மறுபடி முதலிலிருந்து வகுத்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. அம்மாவின் போனை வாங்கி, “நீங்கதான் ரைட்டு அத்தா, நான் அஞ்சு கணக்கு போடவே இல்ல” என்று பேசி அனுப்பினேன். திங்கட்கிழமை டீச்சரிடமும் சொன்னேன். அவர் திட்டவில்லை. சார்ட்டில் எண்ணை அடிக்காமல், பக்கத்தில் 73 × 137 என்று என்னையே எழுத வைத்தார். பெருக்கிப் பார்த்து வகுப்பே கைதட்டியது.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தா விழுந்து விழுந்து சிரித்தார். “சரி, வேற நம்பர் குடு. இதைவிடப் பெரிசா.”

கொடுத்தேன். அந்த வருஷம் முழுக்க வாரம் ஒன்று கொடுத்தேன். எங்கள் அத்தாவுக்குக் கணக்கு என்றால் உயிர் என்று பள்ளிக்கூடம் முழுவதும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.