சுவரைக் கடந்த கை

பதினெட்டு வருடமாக ராத்திரி வேலை பார்க்கிறேன். பார்சல் கிடங்கு. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை. ஒரு ராத்திரிகூட எதுவும் வந்து என்னைப் பயமுறுத்தியதில்லை. இது பகலில் நடந்தது. 1997 நவம்பர் 8, சனிக்கிழமை, மதியம் 2 மணி 47 நிமிடம். நான் குடித்திருக்கவில்லை. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் டோரீனைக் கேட்கலாம். அவளும் பார்த்தாள்.

முதலில் பழையதைச் சொல்லிவிடுகிறேன்.

1967, லண்டன், நாட்டிங் ஹில். ஓவியக் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டேன். அந்தக் காலத்தைப் பற்றி இப்போது எல்லோரும் உருகி உருகிப் பேசுகிறார்கள். பூ, அன்பு, விடுதலை. எனக்கு ஞாபகம் இருப்பது நனைந்த கம்பளிக் கோட்டுகளின் நாற்றமும் காதடைக்கும் சத்தமும்தான். ‘கண்ணாடி ஆந்தை’ என்று ஒரு சைக்கடெலிக் ராக் குழு. ஒரே பாட்டை நாற்பது நிமிடம் வாசிப்பார்கள். கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஆசிட் போட்டிருப்பார்கள். எல்.எஸ்.டி. என்ற போதை மருந்தை அப்படித்தான் சொல்வோம்.

குழுவில் ஆர்கன் வாசித்தவன் மெல்வின். எனக்கும் கிளைவுக்கும் எதுவும் வாசிக்கத் தெரியாது. நாங்கள் வெளிச்சக்காரர்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் காட்டுகிற ப்ரொஜெக்டர், கீழே பல்பு, மேலே கண்ணாடி மேடை. அதன்மேல் பெரிய சுவர்க்கடிகாரத்தின் குழிந்த கண்ணாடி இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று. நடுவில் எண்ணெய், தண்ணீர், சாயம். மேல் கண்ணாடியைத் தாளத்துக்கு அசைத்தால் சுவர் முழுக்க வண்ணம் இதயம் மாதிரி துடிக்கும். சாயமெல்லாம் மருந்துக்கடைச் சொட்டுக் குப்பிகளில் இருக்கும். ஐந்து நிறம். ஆறாவது குப்பியில் நிறமில்லாத ஸ்பிரிட். அதிலிருந்து ஒரு சொட்டு விட்டால் வண்ணத்தின் நடுவே ஓட்டை திறக்கும்.

எங்கள் தொழிலில் மாற்ற முடியாத விதி ஒன்று உண்டு. கை சுவரில் தெரியக் கூடாது. விளிம்பைக் கீழிருந்து பிடிக்க வேண்டும். வெளிச்சத்தின் குறுக்கே கை போனால், சுவரில் பன்னிரண்டு அடிக்கு ராட்சதக் கை விழும். கூட்டம் ஊளையிடும்.

“டேய், நீ மாடு கறக்கப் போ” என்பான் கிளைவ். “அங்கே உன் கையை யாரும் பாக்க மாட்டாங்க.”

கிளைவ் கை ஒரு நாளும் தெரிந்ததில்லை. அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். கண்ணாடி வழுக்காமல் இருக்க விரலை நாக்கில் தொட்டுக்கொள்வான். இரவு முழுக்க. அவனைப் பார்த்து எனக்கும் அது ஒட்டிக்கொண்டது.

அக்டோபர் 20, வெள்ளிக்கிழமை. இரவு 11.20க்கு கிளைவ், நிகழ்ச்சி நடந்த ஹாலின் பின்பக்க இரும்புப் படியில் ஏறி, மேலே போய், கைப்பிடியைத் தாண்டி நடந்தான். காற்றில் நடக்கலாம் என்று நினைத்திருக்க வேண்டும். செத்தபோது வயது இருபத்தொன்று. உடம்பில் அளவுக்கு மீறி ஆசிட் இருந்தது என்றார்கள். ஆனால் கிளைவ் அதைத் தொட மாட்டான். போட்டால் கை நடுங்கும், வேலை கெட்டுவிடும் என்பான்.

அப்படியானால் யார் கொடுத்தது?

அவன் தங்கை டோரீன் இந்த ஒரு கேள்வியைத்தான் முப்பது வருடமாகக் கேட்டாள். அன்று கூட்டத்தில் நின்றிருந்தவள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. “மெல்வின்தான் டீயில கலந்திருப்பான்” என்று சொன்னேன். ஊரே நம்பியது. மெல்வினை யாரும் வாசிக்கக் கூப்பிடவில்லை. கனடா போய், அங்கேயே செத்தான்.

97இல் அதே ஹாலில் ஒரு நினைவு நிகழ்ச்சி வைத்தார்கள். தலை நரைத்தவர்கள் கூடி ஒரு சாயங்காலம் பழைய பாட்டுகளை வாசிப்பதாக ஏற்பாடு. டோரீன் போன் செய்தாள்.

“கிளைவோட பெட்டி எங்கிட்ட இருக்கு. ப்ரொஜெக்டர், குப்பி எல்லாம் அப்படியே. நீதான் ஓட்டணும்.”

“ஏன் நான்?”

“வேற யாரு உயிரோட இருக்கா?”

குரலில் ஏதோ இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வேலை முடிந்து, தூங்காமல், மதியம் 2.10க்குப் போனேன். ஹாலில் அவள் மட்டும். ஜன்னல்களைக் கறுப்புத் தாளால் அடைத்திருந்தாள். ப்ரொஜெக்டரை மேஜைமேல் வைத்துத் திறந்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் மூடினாள்.

“கிழவனாயிட்ட, லென்.”

“நீ மட்டும் குமரியா?”

அவள் சிரிக்கவில்லை. “ஒரு சாமான் வாங்கணும். அரை மணி நேரம் ஆகும். எதுவும் தொடாதே.”

என்ன சாமான் என்று சொல்லவில்லை. வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். பூட்டினாளா? போய்த் திருகிப் பார்த்தேன். பூட்டவில்லை.

சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. பெட்டியைத் திறந்து குப்பிகளை வரிசையாக அடுக்கினேன். சிவப்பு. நீலம். மஞ்சள். பச்சை. ஊதா. ஸ்பிரிட்.

இன்னொன்று.

ஏழாவது குப்பி. நிறமில்லாதது. எந்தச் சீட்டும் ஒட்டாதது.

இவள் வேண்டுமென்றே வைத்திருக்கிறாள், எனக்குப் பொறி வைக்கிறாள் என்று தோன்றியது. சுற்றிப் பார்த்தேன். யாரும் ஒளிந்திருக்கவில்லை. குப்பியைக் கையில் எடுத்தேன். ஹாலில் ஹீட்டர் இல்லை, மற்ற ஆறும் சில்லென்றிருந்தன. இது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

சாயங்களைத் திறந்தேன். முப்பது வருடத்தில் காய்ந்து பொடியாகியிருக்க வேண்டும். காயவில்லை. நேற்று ஊற்றியது போல இருந்தன.

கண்ணாடிகளை மேடையில் வைத்தேன். எண்ணெய், தண்ணீர், இரண்டு சொட்டு நீலம். விரலை நாக்கில் தொட்டு விளிம்பைப் பிடித்தேன்.

2.44. சுவிட்சைத் தட்டினேன்.

சுவரில் நீலம் விரிந்தது.

அழகாகத்தான் இருந்தது. பிறகுதான் கவனித்தேன். சத்தம் இல்லை. இந்த ப்ரொஜெக்டரில் ஒரு மின்விசிறி உண்டு, லாரி மாதிரி உறுமும். இப்போது எதுவும் ஓடவில்லை. மேடையைத் தொட்டேன். ஒரு நிமிடத்தில் கை வைக்க முடியாமல் சுடும் இடம்...

பனிக்கட்டி போல இருந்தது.

கைகளை எடுத்துக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன். இரண்டு கைகளையும்.

வண்ணம் அசைந்துகொண்டே இருந்தது.

டும்... டும்... டும்... சத்தமில்லாத ஒரு தாளத்துக்கு. அது அந்த நாற்பது நிமிடப் பாட்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

2.46. நீலத்தின் நடுவே ஓட்டை திறந்தது. ஒன்று. இன்னொன்று. யாரோ ஸ்பிரிட் சொட்டுவது போல. எந்தக் குப்பியும் நகரவில்லை.

“கிளைவ்?” என்றேன்.

2.47.

சுவரின் இடது ஓரத்தில் ஒரு நிழல்.

விரல்கள்.

பன்னிரண்டு அடிக் கை...

மெதுவாக, வெளிச்சத்தின் குறுக்கே வந்தது. விரல்களுக்கு நடுவே ஒரு சொட்டுக் குப்பி.

கிளைவ் கை இல்லை.

கட்டைவிரலில் பிளாஸ்திரி. பிளாஸ்திரியின் ஒரு முனை பிரிந்து தொங்கியது.

அது என் கை.

அந்த வெள்ளிக்கிழமை என் கட்டைவிரலில் கண்ணாடி கிழித்திருந்தது. இரவு ஒன்பதரைக்கு வாசலில் போலீஸ். மெல்வின் ஓடி வந்து தன் ஆசிட் குப்பியை என் கையில் திணித்தான். “எங்கேயாவது வெச்சிரு, லென்.” அவசரத்தில் வெளிச்சத்துக்குக் குறுக்கே கையை நீட்டி, சாயக் குப்பிகளோடு அதையும் வைத்தேன். ஸ்பிரிட்டுக்குப் பக்கத்தில். இருட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். போலீஸ் போனதும் எடுக்க நினைத்தேன். மறந்துவிட்டேன். கிளைவ் அந்தக் குப்பியிலிருந்து சொட்டினான். விரலை நாக்கில் தொட்டான். சொட்டினான். தொட்டான்.

நிகழ்ச்சி முடிந்து விளக்கு போட்டபோது ஆறு குப்பிதான் இருந்தது. மெல்வின் எடுத்துவிட்டான் என்று நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

சுவரில் அந்தக் கை குப்பியை வைத்தது. திரும்பிப் போனது.

மறுபடி வந்தது.

வைத்தது.

மறுபடி...

“அது யார் கை?”

டோரீன். கதவருகே. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

சுவர் அணைந்தது.

அவள் கதவை அகலத் திறந்தாள். தெரு வெளிச்சம் உள்ளே வந்தது.

“அன்னிக்கும் இதே கை வந்துச்சு” என்றாள். “நாங்க எல்லாரும் ‘கை, கை’ன்னு கத்தினோம். நான்தான் சத்தமா கத்தினேன். அண்ணன் ஒரு நாளும் இப்படிப் பண்ண மாட்டானேன்னு அப்பவே நெனச்சேன். பிளாஸ்திரி ஒட்டின கை. கையை வெளியே எடு, லென்.”

எடுத்தேன். தழும்பு இன்னும் இருக்கிறது. அவள் தொடாமல் பார்த்தாள்.

“நான்தான் வெச்சேன்” என்றேன். “மெல்வின் இல்ல.”

“முப்பது வருஷமா அந்த அப்பாவி பேரைச் சொன்னியே.”



அவள் கையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி. கடையிலிருந்து வாங்கி வந்தது. மேஜைமேல் வைத்தாள். ப்ரொஜெக்டரின் பக்கக் கதவைத் திறந்து எனக்குக் காட்டினாள். உள்ளே பல்பு இருக்க வேண்டிய இடம் வெறும் ஓட்டை. துருப் பிடித்திருந்தது.

அட்டைப் பெட்டிக்குள் இருந்தது பல்பு.

அன்று மாலை நான் ப்ரொஜெக்டரை ஓட்டவில்லை. டோரீன் மேடையேறி மெல்வினின் பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொன்னாள். நான் பின்வரிசையில் நின்று கேட்டேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசியதில்லை.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். பழைய ஆசிட் விரலில் பட்டது, நாக்குக்குப் போனது, மயக்கத்தில் பார்த்தேன் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். மூன்று நிமிடத்தில் அது ஏறாது. டோரீன் எந்தக் குப்பியையும் தொடவும் இல்லை. மேஜையில் அதன் பிறகு ஆறு குப்பிதான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்துத் தபாலில் ஒரு உறை வந்தது. டோரீனின் கையெழுத்து. உள்ளே கடிதம் இல்லை. 1967இல் அண்ணனின் பொருள்களைத் திருப்பிக் கொடுத்தபோது போலீஸ் கொடுத்த பட்டியலின் நகல் மட்டும் இருந்தது. சாயப்பெட்டி ஒன்று, அதில் குப்பி ஆறு. கடைசி வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

இறந்தவரின் கோட்டு உள்பையில், சிறிய சொட்டுக் குப்பி ஒன்று, நிறமற்றது, உடைந்தது. திருப்பித் தரவில்லை. அழிக்கப்பட்டது.

அப்படியானால் கிளைவ் அதைக் கண்டுபிடித்திருக்கிறான். யாரும் பார்க்காமல் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டுதான் படியேறியிருக்கிறான்.

நான் கையில் எடுத்தபோது அது ஏன் வெதுவெதுப்பாக இருந்தது என்று இப்போது தெரியும். கோட்டு உள்பையிலிருந்து அப்போதுதான் எடுத்த பொருள் அப்படித்தான் இருக்கும்.