கழுவி வைத்த பாட்டில்கள்

கடலின் உப்பை வானத்திலிருந்து அளக்கிறவர் என்றால் யார் நம்புவார்கள்? அலுவலகத்தில் அவருக்கு ‘உப்பு’ என்றே பெயர். “சமையல்ல உப்பு கம்மின்னா தெரியாது, நடுக்கடல்ல கம்மின்னா மட்டும் தெரிஞ்சுடும்” என்பாள் மனைவி. கடலின் மேற்பரப்பிலிருந்து எழும் மெல்லிய ரேடியோ அலைகளைச் செயற்கைக்கோள் பிடிக்கும். அதிலிருந்து இவர் உப்பைக் கணக்கிடுவார். எங்கே மழை கொட்டியது, எங்கே நீர் ஆவியானது, வெப்பத்தைச் சுமக்கும் நீரோட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது, எல்லாவற்றையும் அந்த உப்பு சொல்லிவிடும். அவர் தலை நரைத்ததே இந்த வேலையில்தான்.

இப்போது அதற்கே உலை வைத்துவிட்டார்கள். கப்பல் கொண்டுவந்த பாட்டில் நீரில் இருந்ததைவிடச் செயற்கைக்கோள் காட்டிய உப்பு அதிகம். கருவிக்கு வயதாகிவிட்டது, அணைத்துவிடலாம் என்று மதியம் கூட்டம் போட்டிருந்தார்கள். அணைத்தால் அது மறுபடி எழாது.

கப்பலில் நீர் பிடித்தவர் அவருடைய தங்கையின் கணவர். அந்த வேலைக்குச் சிபாரிசு செய்தவரே இவர்தான். போனில் கூப்பிட்டார்.

“மாப்ள, பாட்டிலை எப்படிக் கழுவுனீங்க?”

“குழாய்த் தண்ணில பளபளன்னு கழுவி, உடனே பிடிச்சேன் மச்சான். என் வேலைல குறை இருக்குமா?”

“பிடிக்கிற கடல் தண்ணிலயே மூணு தடவை அலசணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

“கழுவின பாட்டிலை யாராவது உப்புத் தண்ணில அலசுவாங்களா?”

சுத்தம் சோறு போடும் என்பார்கள். பாவி மனுஷன், பாட்டிலில் தங்கிய அந்த நல்ல தண்ணீர்தான் உப்பைக் குறைத்துவிட்டது! செயற்கைக்கோள் காட்டியதே சரி.

சொன்னால் தங்கை வீட்டில் அடுப்பு எரியாது. சொல்லாவிட்டால் வானத்தில் இருப்பது செத்துப்போகும். மாடிப்படியில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கூட்டத்துக்குள் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ அந்தப் பாட்டில் எதையுமே நம்ப முடியாது. கருவி சரின்னு எதை வச்சு நிரூபிப்பீங்க?”

“இன்னொரு தடவை கப்பல் அனுப்புங்க சார். கால்ல வேணும்னாலும் விழறேன்.”

“அதுவரைக்கும் யார் காத்திருக்கிறது? அணைச்சிடுங்க. அந்த ஆளையும் வீட்டுக்கு அனுப்பிடுங்க.”

சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள். அழுது ஓய்ந்த குரல்.

“திட்டறதுக்குக் கூப்பிடலண்ணே. உனக்குப் பொய் சொல்ல வராதுன்னு தெரியாதா? எங்க பொழப்புதான் போச்சு, உன் செயற்கைக்கோளாவது தப்பிச்சுதா?”

“தப்பிச்சுடுச்சும்மா” என்றார்.