பாடத்துக்கு ஒரு அடி

போன வாரம் மகளுடைய பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பாளையங்கோட்டை வெயில் பதினொரு மணிக்கே மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார்கள். காலந்தாழ்த்திப் பெற்ற பிள்ளை. அங்கே இருந்த அம்மாக்களிலேயே வயதிலும் எடையிலும் மூத்தவள் நான்தான். நாற்காலி முறிந்து மானம் போகாமல் இருக்கவேண்டுமே என்ற கவலையில் பாதிப் பேச்சு எனக்குள் ஏறவில்லை. மீதிப் பாதியில் ஒரு சின்ன வயசு டீச்சர், எந்தப் பாடத்தை எப்படி நடத்துகிறோம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். கணக்குக்குப் புளியங்கொட்டையும் பல்லாங்குழியும். அறிவியலுக்கு வெண்டைச்செடி. தமிழுக்கு நாடகம். கேட்கக் கேட்க எனக்குக்கூட மறுபடி சேர்ந்துவிடலாம் போலிருந்தது.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு அப்பா எழுந்தார். "அதெல்லாம் சரி டீச்சர். ரெண்டு போடு போட்டாத்தான் எம் பய படிப்பான். தாராளமா அடிங்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை. "சும்மா இருங்க அண்ணாச்சி! பிள்ள வாங்கப்போற அடிக்கு நீங்க என்ன கையெழுத்துப் போடுதிய?" என்று கத்திக்கொண்டே எழுந்தேன். நாற்காலியும் இடுப்போடு சேர்ந்து எழுந்துவிட்டது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், கூட வந்திருந்த மகள் என்னைத் தெரியாதவள்போலப் பத்தடி முன்னால் நடந்தாள்.

அவளுக்குத் தெரியாது, அந்தக் கையெழுத்தை எங்கள் ஊரில் எல்லா அப்பாக்களும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, வாழைக்காட்டுக்கு நடுவில் எங்கள் ஊர். பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கிற அன்றைக்கே, "சார்வா, கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சு எடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். சார்வாள் என்றால் எங்கள் வாத்தியார். சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். கண்ணை அவர் தொட்டதே இல்லை.

ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். மூன்று வரைக்கும் ஒரு டீச்சர். நாலும் ஐந்தும் சார்வாள் கையில். தமிழ், கணக்கு, இங்கிலீஷ், அறிவியல், வரலாறு எல்லாம் அவர் ஒருவரே. அதே குரல், அதே வேட்டி, அதே பொடி வாசனை. பாடம் மாறிவிட்டது என்பதை அடி மாறுவதை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம். செய்யுள் வரவில்லையென்றால் காது மடலுக்கு அடியில் ஒரு பொடிக்கல்லை வைத்து நசுக்குவார். இரண்டாம் அடியில் நின்றவனுக்கு மூன்றாம் அடி தானாக வந்துவிடும், சில சமயம் ரத்தமும். இங்கிலீஷுக்கு மர ஸ்கேல். அதையும் தட்டையாக வைத்து அடிக்கமாட்டார். விளிம்பைத் திருப்பி விரல் முட்டியில் இறக்குவார். மழைக்காலத்தில் அந்த வலிக்கு ஈடு கிடையாது. வெயிலில் தாவரம் எப்படி உணவு தயாரிக்கிறது என்பதைச் சரளைக்கல்லில் முட்டி போட்டுக்கொண்டு அதே வெயிலில் படித்தோம். எங்களுக்குத்தான் உணவு எதுவும் தயாராகவில்லை. இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள்.

கைத்தொழில் என்று ஒரு பீரியட் உண்டே, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வெள்ளிக்கிழமை மத்தியானம். மற்ற ஊர்களில் பாய் முடைவார்களாம், பொம்மை செய்வார்களாம். நாங்கள் புளியமரத்தில் ஏறி விளார் ஒடித்து, கணு சீவி, வேப்பெண்ணெய் தடவிக் காயவைப்போம். அடுத்த வாரம் எங்கள் முதுகில் விழப்போகிற விளாரை நாங்களே செய்தோம் என்பதைச் சொன்னால் என் மகள் நம்பமாட்டாள். அதிலும் போட்டி! "என் விளாருதான் அஞ்சு நாளு தாங்குச்சு" என்று பீற்றிக்கொள்கிற பயல்கள் இருந்தார்கள். கோட்டிக்காரப் பயல்கள். நானும்தான்.

வேப்பெண்ணெய் வாசனை வந்தால் எனக்கு இசக்கி ஞாபகம் வந்துவிடும். இசக்கியம்மாள் என் பக்கத்து இடம். அவள் அப்பா வாழைத்தார் சுமக்கிறவர், அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறவள். இசக்கி விளார் சீவ உட்கார்ந்தால் அதன் நுனியால் மண்ணில் படம் போட ஆரம்பித்துவிடுவாள். பொதிகை மலையிலிருந்து கடல் வரைக்கும் ஆற்றை ஒரே இழுப்பில் இழுப்பாள். வளைவுகூட பிசகாது. என் வரலாற்று நோட்டில் இருந்த வரைபடமெல்லாம் அவள் போட்டது, மார்க்கு எனக்கு.

ஒருநாள் வரலாற்றுப் பாடத்தில், கொற்கை பாண்டியர்களின் துறைமுகம், அங்கே கப்பல் வந்து நின்றது என்று சார்வாள் வாசித்தார். இசக்கி கையைத் தூக்கினாள். "சார், அது எங்க பெரியம்ம ஊரு. அங்கன கடலு இல்ல சார். வயலுதான் கெடக்கு."

டஸ்டர் பறந்து வந்து அவள் நெற்றியில் பட்டது. மரக்கட்டை டஸ்டர். நெற்றி புடைத்துக்கொண்டு வந்தது, மேலே சுண்ணாம்புப்பொடி வேறு. "புஸ்தகத்தை விட நீ பெரிய ஆளாட்டி?" என்றார். கடல் விலகிப்போன கதையைப் பல வருஷம் கழித்துக் காலேஜில் படித்தபோது எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

கணக்கைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். சொல்லவேண்டாம் என்றுதான் சுற்றிச் சுற்றி வருகிறேன் போலிருக்கிறது. கணக்குக்குச் சார்வாள் அடிக்கமாட்டார். மனக்கணக்குப் போடுவார், தெரியாதவர்கள் எழுந்து நிற்கவேண்டும். யார் முதலில் விடை சொல்கிறார்களோ அவர்கள்தான் நிற்கிறவர்களை அடிக்கவேண்டும். இடது கையால் மூக்கைப் பிடித்து முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டு, வலது கையால் கன்னத்தில் ஓர் அறை. "நான் ஒருத்தன் எத்தனை பேரை அடிக்க? படிக்கிற பிள்ளையும் ஒழைக்கணும்லா" என்பார்.

எனக்குக் கணக்கு வரும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. குள்ளச்சி நான். நெட்டைப் பயல்களை அறைய உட்காரும் பலகையைத் தூக்கிப்போட்டு அதன்மேல் ஏறி நிற்பேன். தெருவில் என்னைத் தள்ளிவிட்டவன், சடையை இழுத்தவன் எல்லாருக்கும் கணக்கு பீரியடில் தீர்ப்பு எழுதுவேன். காலையிலேயே நெல்லிக்காயும் கொடுக்காப்புளியும் என் பைக்குள் வந்து விழும். கொடுத்தவனுக்குப் பைய விழும். கொடுக்காதவனுக்கு ஐந்து விரலும் பதியும். பத்து வயசில் அப்படி ஓர் அதிகாரம்!

இசக்கியிடம் மட்டும் எதுவும் வாங்கியதில்லை. அவளுக்கு விடை தெரியாமல் இல்லை, தாமதமாக வரும். உதடு அசைய, விரல் மடக்கி, வந்து சேர்வாள். அதற்குள் நான் சொல்லிமுடித்திருப்பேன். அவள் கன்னத்தைச் சும்மா ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். அவள் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்: "அஞ்சு பாஸானா டவுன்ல ஆறாங்கிளாசு. இல்லியா, அம்மாகூட பீடித்தட்டைத் தூக்கிட்டு உக்காரு." அவர் வாக்கு மாறாத மனுஷர். அதனால் அந்த வருஷம் அவள் சாமி கும்பிட்டதெல்லாம் ஐந்தாம் வகுப்புக்காகத்தான்.

இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்று தெரிந்த வாரம், பள்ளிக்கூடம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள், எங்களையும் சேர்த்து அடித்தார்கள். மனக்கணக்கு இரண்டு வேளை ஆயிற்று. "ஒரு தாருக்கு ஒம்பது சீப்பு. சீப்புக்குப் பதினாறு பழம். மூணு தாருக்கு?"

"நானூத்தி முப்பத்திரெண்டு சார்!"

பன்னிரண்டு பேர் நின்றார்கள். வரிசையாக அறைந்துகொண்டே வந்தேன். இசக்கியிடம் வந்தேன். மூக்கைப் பிடித்தேன், ஒரு தட்டு. அவள் உதடு இன்னும் எண்ணிக்கொண்டிருந்தது.

"நில்லுட்டி" என்றார் சார்வாள். "அது அடியா? தடவிக் குடுக்கியா? இங்க வா, அடின்னா என்னன்னு காட்டுதேன்."

காட்டினார். என் இடது கன்னத்தில் விழுந்ததும் வகுப்பே ஒரு சுற்றுச் சுற்றியது. வாய்க்குள் உப்புக் கரித்தது. பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அது நாக்கில் வந்து உட்கார்ந்தது. "இப்பம் அடி பாப்போம்."

பயந்துபோய் அடித்தேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். பொய். ஆத்திரத்தில்தான் அடித்தேன். இவளால்தானே எனக்கு விழுந்தது, சனியன், சீக்கிரம் சொல்லித் தொலைந்தால் என்ன என்று, மூக்கை இறுக்கிப் பிடித்து, கையைப் பின்னால் கொண்டுபோய், உடம்புப் பலத்தையெல்லாம் சேர்த்து ஓங்கி விட்டேன். கன்னத்தில் படவில்லை. உள்ளங்கை குவிந்து இடது காதை மூடினாற்போல விழுந்தது. அவள் சுவரில் போய் மோதி, சரிந்து, பிறகு எழுந்து நின்றாள். அழவில்லை.

"நானூத்தி முப்பத்திரெண்டு" என்றாள்.

சார்வாளுக்கு முகமெல்லாம் பல். "பாத்தியளா? ஒரு அடி சரியா விழுந்திச்சு, கணக்கு வெளிய வந்துட்டு!" வகுப்பு கைதட்டியது. எனக்கும் சேர்த்துத்தான் தட்டினார்கள். ஐயோ, நான் சிரித்தேன்.

அடுத்த நாள் அவள் காதில் ரத்தம் கசிந்து உறைந்திருந்தது. வீட்டில் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினேன் என்று சொன்னால், என்ன தப்பு செய்தாய் என்று வீட்டில் இன்னொரு தடவை விழும். அதனால் எங்களில் யாருமே சொல்வதில்லை. காதுவலி என்றுமட்டும் சொல்லியிருக்கிறாள். அவள் அம்மா நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றினாள். இசக்கி ஆற்றில் எப்போதும்போலத் தலைமுங்கக் குளித்தாள். நாலாம் நாள் சீழ் பிடித்துக் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

அவள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். "சார்வா, பிள்ளைக்குச் சீழு நிக்க மாட்டேங்கு. இங்கன யாரும் அடிச்சியளா? நான் சண்டைக்கு வரல. அடிச்சா தப்பும் இல்ல. டாக்டர்ட்ட காட்டினா என்னன்னு கேப்பாருல்லா, அதுக்குத்தான்."

"இங்கன யாருவே அடிச்சா?" என்றார் சார்வாள். "ஆத்துல கெடந்து முங்குதுவ, தண்ணி போயிருக்கும்." பிறகு என்னைப் பார்த்தார். "ஏட்டி, நீதான அவ கூட்டாளி. சொல்லு."

விளார் மேஜைமேல் இருந்தது. என் பல் போன இடம் இன்னும் ஆறவில்லை. அந்த மனுஷர் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வீட்டில் எத்தனையோ நாள் சோறு தின்றிருக்கிறேன்.

"ஆமா மாமா. முங்கும்போது தண்ணி போயிட்டுன்னுதான் சொன்னா."

அவருக்கு நிம்மதியாகப் போயிற்று. "தண்ணிதானா? தானா வடிஞ்சிரும்" என்று துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போனார். டாக்டரிடம் போகவில்லை. இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினார்கள். காய்ச்சல் விட்டது, சீழ் நின்றது, அந்தக் காதும் நின்றுவிட்டது.

இன்ஸ்பெக்ஷனில் அதிகாரி அவளுக்கு இடப்பக்கமாக நின்று ஏதோ கேட்டார். அவள் நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் தடவையும் கேட்டார். "அது கொஞ்சம் மந்தம் சார்" என்றார் சார்வாள். வருஷக் கடைசியில் அவளை ஐந்திலேயே நிறுத்தினார். அவள் அப்பா சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஜூன் மாதம் புதுப் பாவாடையும் பையுமாக நான் பஸ்ஸுக்குப் போகும்போது, அவள் பீடித்தட்டை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தாள். "போய்ட்டு வாட்டி" என்று கையாட்டினாள்.

இப்போது அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளைகள் இல்லையென்று மூடி, கூரை ஓடுகளையும் பிரித்துவிட்டார்கள். ரோட்டை அகலப்படுத்தப் புளியமரம் போயிற்று. பிள்ளையைத் தொட்டால் வேலை போகும் என்று சட்டம் வந்துவிட்டது, நல்லதுதான், ஒழிந்தது. சார்வாள் செத்தபோது ஊரே அழுதது. நானும் போய் அழுதேன், எதற்கென்று இன்றுவரை விளங்கவில்லை. இசக்கியின் அப்பாவும் போய்விட்டார், என் பொய்யை நம்பினபடியே.

இசக்கியைச் சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். முன்நெற்றி நரைத்திருந்தது. விரல் நுனியெல்லாம் பீடிப் புகையிலை ஏறிப் பழுத்திருந்தது. ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நான் துணிந்தேன். நான் அடித்தது அவளுக்குத் தெரியும். அவள் அப்பா வந்து கேட்டதும், நான் சொன்ன பதிலும் தெரியாது. நாதஸ்வரமும் தவிலும் உச்சத்தில் இருந்த நேரம் பார்த்து, அவள் தோளில் கைபோட்டு, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். எந்தப் பக்கம் நின்று சொன்னேன் என்று கேட்கிறீர்களா? இடப்பக்கம். தெரிந்துதான் நின்றேன். அடித்தவளுக்குத் தெரியாதா எந்தக் காது என்று?

அவள் சிரித்துக்கொண்டே தலையைத் திருப்பி, நல்ல காதை என் வாயருகே கொண்டுவந்தாள். "அது பழுதுல்லா. இதுல சொல்லுட்டி, என்ன சொன்ன?"

"சாப்ட்டாச்சான்னு கேட்டேன்" என்றேன்.

"ஒன்ன விட்டுட்டா சாப்புடுவேன்? வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், நான் பேசுவது கேட்கவேண்டும் என்று என்னைத் தன் வலப்பக்கத்து இலையில் உட்காரவைத்தாள். சோறு, பருப்பு, சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று பந்தி முடிகிறவரைக்கும் அந்த நல்ல காது என் வாயிலிருந்து ஒரு முழ தூரத்தில்தான் இருந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.