பொம்மையின் நெற்றியில் பொட்டு

அறையில் இருந்தவர்கள்: மேடம். கேமராக்காரன். நான். மேசைமேல் ஒரு சாண் உயரக் களிமண் பொம்மை, தலையில் மூட்டையோடு.

மண்டி மொஹல்லா என்கிற பேட்டையில் ஓர் அரிசிக் கடை. அதற்கு மேலே மாடி அறை. மேடம் அங்கே ஒரு சின்ன பொம்மைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஹனூர்க்காரன். டைல்ஸ் போடுவது தொழில். முட்டி போய்விட்டது, குத்தவைத்து உட்கார முடியாது. நின்று செய்கிற வேலை ஏதாவது வேண்டும் என்று கேட்டுப் போனேன்.

மேடம் வேலையைச் சொன்னார். பொம்மையின் காலைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். கையை எடுக்க வேண்டும். ஒரு படம் பிடிப்பார்கள். மறுபடி நகர்த்த வேண்டும். அப்படி எழுபத்திரண்டு படம் எடுத்தால், மூட்டைக்காரன் சந்தைத் தெருவை ஆறு நொடியில் கடப்பான்.

"நடை முழுசா படத்துல வந்தா, அடுத்த படத்துக்கும் நீங்கதாண்ணா. அந்த எழுபத்திரண்டுல ஒண்ணு வெட்ட வேண்டி வந்தாலும் வேற ஆளத்தான் பார்க்கணும்."

வேற ஆள் யார் என்று எனக்குத் தெரியும். கேமராக்காரனின் சித்தி மகன். இரண்டு தடவை வந்து, பேசாமல் என் கையையே பார்த்துவிட்டுப் போனான்.

முதல் வாரம் நான் நகர்த்தியது எல்லாமே அதிகம். பொம்மை நடக்கவில்லை, துள்ளியது. பிறகு கை அடங்கியது. ஆனாலும் கேமராக்காரன் குறை சொன்னான்.

"வெளிச்சம் ஆடுது அண்ணா. உங்க வெள்ளச் சட்டைல பட்டுத்தான் பொம்ம மேல திரும்புது."

சட்டை எப்படி ஆட்டும்? இவனே விளக்கைத் தட்டிவிடுகிறான் என்று நினைத்தேன். மேடம் ஒரு கறுப்புச் சட்டை கொடுத்தார். ஆட்டம் நின்றது. அவன் சொன்னது சரிதான். அவன்மேல் நம்பிக்கை வரவில்லை.

பாதி நடை முடிந்தபோது ஆயுத பூஜை வந்தது. கேமராவையும் மேசையையும் யாரும் தொடக்கூடாது என்று மேடம் சொல்லிவிட்டுப் பூட்டினார். சாவி மூன்று பேரிடமும் உண்டு.

லீவு முடிந்து வந்தோம். நானும் அவனும் ஒன்றாகப் படியேறினோம். கதவைத் திறந்தால், கேமராவின் முதுகில் சந்தனம், குங்குமம். பொம்மையின் நெற்றியிலும் அதே. அவன் கம்ப்யூட்டரில் பார்த்தான். கேமரா திரும்பியிருந்தது. பழைய இடம் கிடைக்கவில்லை. எடுத்த பாதி நடை வீணாகப் போயிற்று.

"அண்ணா, சாந்து பூசற கரணைக்கே பூஜை போடற ஆளு நீங்க."

"எங்கரணைக்கு எங்கூட்ல வெச்சனுங்க. இங்க எதுக்கு வாறன்? உங்க சித்தி பையன் பூஜையன்னைக்கு எங்க இருந்தானாம்?"

"அவனா? பண்டிகைக்கு அரமனையில போட்ட லைட்டப் பார்க்கப் போனான். ஏண்ணா, நாங்க என்ன திருடங்களா?"

"சாவி உங்ககிட்ட இருக்குதில்லீங்க."

"உங்ககிட்டயும்தான் இருக்கு!"

மேடம் வந்தார். பொம்மையைப் பார்த்தார். பையைக் கீழே வைக்கவில்லை.

"நான்தான்."

நாங்கள் இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"கீழ தராசுக்குக்கூட பொட்டு வெச்சாங்க. ஆட்டோ, சைக்கிள், எல்லாத்துக்கும். நம்ம சோறே இதுலதான்னு மனசு கேக்கல. ஸ்வல்ப தொட்டேன், அவ்ளோதான். அசையலன்னு நினைச்சேன்."

"யாரும் தொடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றான் அவன்.

"உங்களத்தானே சொன்னேன்."

அவன் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. அவனைக் காப்பாற்றத்தான் இப்படிச் சொல்கிறாரோ என்று மனதில் ஓடியது.

பொட்டைத் துடைத்துப் பார்த்தோம். களிமண்ணில் சிவப்பு ஊறிவிட்டது.

"இருக்கட்டும். பொட்டோடயே முதல்ல இருந்து எடுப்போம்" என்றார் மேடம்.

"அந்தப் பேச்சு அப்படியேதானுங்களா? வெட்டுனா வேற ஆளுன்னு சொன்னது?"

"அப்படியேதாண்ணா."

முதலில் இருந்து நகர்த்தினேன். கேமராவின் காலைச் சுற்றித் தரையில் சாக்பீஸ் கோடு போட்டேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அடுத்த நாள் அவனும் என் மேசைக்காலைச் சுற்றிக் கோடு போட்டான்.

படம் முடிந்து மேடம் போட்டுக் காட்டினார். மூட்டைக்காரன் தெருவைக் கடந்துவிட்டான். நான் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது.

"ஏதாச்சும் வெட்டுனீங்களாங்க?"

"இல்லண்ணா."

ஆறு நொடி மாதிரி இல்லை. கேமராக்காரன் முகத்தைப் பார்த்தேன்.

"நம்பலன்னா நீங்களே எண்ணிக்கோங்க" என்று ஒரு பட்டனைக் காட்டினான்.

ஒரு தட்டுக்கு ஒரு படம். கால் தூக்கியது, கால் ஊன்றியது. எல்லாவற்றிலும் பொட்டு. நடுவில் அவன் காபி வேண்டுமா என்றான். எண்ணிக்கை விட்டுப்போயிற்று. வேண்டுமென்றே கேட்டிருப்பான். மறுபடி முதலில் இருந்து தட்டினேன், கடைசிக் காலடி வரைக்கும்.

எழுபத்திரண்டு.