மாமனார் தந்த கார், நான் ஓட்டிய குட்டி யானை

என் வீட்டுக்காரர் படகிலிருந்து வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்ட மாதம்தான், வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வதென்று முடிவெடுத்தேன். பழவேற்காட்டிலிருந்து பாலம் தாண்டிப் போனால் எங்கள் குப்பம். நண்டுப் பெட்டிகளை ஏலத்துக்குக் கொண்டுபோக வீட்டில் ஒரு குட்டி யானை, அந்தச் சின்ன சரக்கு வண்டி, இருந்தது. ஓட்டத்தான் ஆள் இல்லை.

"யாரையாவது கூப்ட்டுக்கலாம்மே" என்றார் அவர்.

"எனக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே கீது?" என்றேன்.

கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்தார் என்பதைவிடக் கத்தினார் என்பதே சரி. "கிளட்ச்சு! கிளட்ச்சு! ஆடு வருது பாரு!" அவர் கத்தக் கத்த எனக்குக் கால் எது, கை எது என்று மறந்துபோகும்.

ஒருநாள் முன்னால் போன ஷேர் ஆட்டோவின் முதுகில் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தேன்: 'கிட்ட வந்து முத்தம் கொடுக்காதே, மூக்கு உடையும்.' கத்திக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டுச் சிரித்தார். மருந்து கிடைத்துவிட்டது எனக்கு. அதன்பிறகு அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் எதையாவது படித்தேன். தண்ணீர் லாரியில், 'பின்னால் வருபவரே, உங்கள் மாமியார் நலமா?' ஒரு புதுக் காரில், 'மாமனார் தந்த பரிசு. கீறல் விழுந்தால் வீட்டில் சோறு கிடையாது.' அவர் சிரிக்கிற நேரத்தில் நான் கியர் மாற்றப் பழகினேன்.

லைசென்ஸுக்கான முதல் டெஸ்டில் தோற்றேன். பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துவிட்டேன். குப்பத்தில் இரண்டு நாள் அதே பேச்சு. மூன்றாம் நாள் மறுபடி வண்டியை எடுத்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஏரி பார்க்க வந்தவர்களின் கார்கள் பாலத்தின் ஏற்றத்தில் வரிசையாக நின்றன. என் முன்னால் நின்ற காரில், 'அவசரமா? என்மேல் ஏறிப் போ, பார்க்கலாம்!' படித்த வேகத்தில் எனக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கிளட்ச்சிலிருந்து கால் நழுவி இன்ஜின் நின்றது. வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

பின்னாலிருந்த காரிலிருந்து ஒருவர் இறங்கி வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "அண்ணே, நீ ஒக்காந்து எடு. இவங்களால ஆவாது."

அப்போது கைக்கட்டுப் பிரித்தாகியிருந்தது. என் வீட்டுக்காரர் இறங்கக் கதவில் கை வைத்தார்.

"நீ எறங்காதய்யா. நான்தான் எடுப்பேன்" என்றேன். வந்தவரிடம், "உங்க வண்டிய ரெண்டடி பின்னால எடுத்துக்கோங்க. மீதிய நான் பாத்துக்குறேன்."

இன்ஜினை மறுபடி கிளப்பி முதல் கியர் போட்டேன். கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். வண்டி அதிர்ந்தது. இன்ஜின் சத்தம் இறங்கியபோது ஹேண்ட் பிரேக்கை விடுவித்தேன். பின்னால் போகவில்லை, முன்னால் ஏறியது.

இரண்டாவது டெஸ்டில் கம்பம் தப்பியது. லைசென்ஸ் வந்த மறுநாள் காலை, வழக்கம்போல அவர் கதவைத் திறந்து ஏற வந்தார்.

"நீ தொழிலுக்குப் போய்யா" என்றேன்.

அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைப்பக்கம் நடந்தார். நான் நண்டுப் பெட்டிகளோடு கிளம்பினேன்.