வெட்டிவேர்த் தட்டி வைத்த காரில் மதுரையிலிருந்து அனுமந்தன்பட்டிக்கு

போன வாரம் மட்டும் இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்: "உங்கள் அண்ணனை ஒரு காரில் கொண்டு போனீர்களாமே, உள்ளே ஜில்லென்று காற்று வருமாமே, அது எங்கே கிடைக்கும்?" இரண்டு பேர் வீட்டிலும் நோயாளி இருக்கிறார். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுகிறேன். அதனால் எழுதிவிடுகிறேன்.

போர் முடிந்த மறு வருஷம், சித்திரை மாதம். அண்ணன் மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தார். தேனிச் சந்தையில் பருத்தித் தரகு அவருக்கு. வயிற்றில் வந்த நோய், காய்ச்சலாக மாறி இறங்கவே இல்லை. இனி வைத்துக்கொண்டு பயனில்லை, சூடு படாமல் வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே பிரிந்த உயிரென்றால் உடலை வீட்டுக்குள் எடுக்க மாட்டார்கள். ஊருக்கு வெளியே வைத்து அப்படியே மயானத்துக்குத்தான். மதினி பிள்ளை பெற்ற பச்சை உடம்பு, அசைய முடியாது. அந்தப் பிள்ளையை அண்ணன் இன்னும் பார்க்கவில்லை. ஆக, எழுபது மைலும் அவர் உயிரோடு போய்ச் சேர வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

போடி ரயில் இருந்தால் தேனி வரைக்கும் கவலையில்லை. தண்டவாளத்தையே போருக்கென்று பெயர்த்துக்கொண்டு போன புண்ணியவான்களை என்ன சொல்ல! பெட்ரோல் பஞ்சத்தில் கரியடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடும் பஸ்ஸில் ஆரோக்கியமானவர்களே பாதி வெந்துதான் இறங்குகிறார்கள். அப்போதுதான் சுருளியாண்டியின் வாடகைக் காரைப் பற்றி ஒருவர் சொன்னார். வாடகை அறுபது ரூபாய், தட்டிக்குத் தனியாக ஐந்து. பெட்ரோல் கூப்பன் அவர் பாடு.

அந்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். பின்பக்க இடது ஜன்னலில் கண்ணாடியை இறக்கிவிட்டு, மரச்சட்டத்தில் வெட்டிவேர்த் தட்டி பொருத்தியிருக்கும். கூரைமேல் தகர டப்பா. அதிலிருந்து தட்டியின்மேல் தண்ணீர் சொட்டும். வெளியே முறம் மாதிரி ஒரு தகரம், கார் ஓடும்போது காற்றை வாரித் தட்டிக்குள் தள்ளும். தேக்கடிப் பக்கம் ஒரு எஸ்டேட் துரை காரில் பார்த்து சுருளியாண்டியே செய்ததாம். தன் பிள்ளையைக் காட்டுவது போலக் காட்டினார்.

விடிவதற்குள் கிளம்ப நினைத்தோம். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட வேண்டியவர் சாவகாசமாக வந்ததில் மணி ஒன்பதாகிவிட்டது. நீங்கள் முந்தின நாளே கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கெஞ்ச வேண்டாம், சத்தம் போடுங்கள்.

உசிலம்பட்டி வரை இருபத்து நான்கு மைல், சாலை பரவாயில்லை. அங்கே டப்பாவை நிரப்பிக்கொண்டோம். ஆண்டிபட்டிக் கணவாயில் அனல் காற்று. ஆனால் காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ தட்டி அவ்வளவு நன்றாகக் குளிர்கிறது. நான் அண்ணனின் கால்களை மடியில் வைத்துக்கொண்டு தட்டிப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவர் தலை வலது ஜன்னலோரம். நெற்றி முடி காற்றில் பறந்துகொண்டே இருந்தது. "ஊட்டிக்குப் போறாப்புல இருக்கு ஆத்தா," என்றார். தங்கையை அவர் கூப்பிடுவது அப்படித்தான். ஊட்டி எங்கே இருக்கிறதென்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. அந்த ஒரு மணி நேரத்துக்காக சுருளியாண்டிக்கு நான் கோயிலே கட்டலாம்.

தேனியை எட்டும்போது பன்னிரண்டரை. சந்தை முக்கில் வண்டியை நிறுத்திவிட்டு சுருளியாண்டி தண்ணீருக்குப் போனார், நான் இளநீருக்குப் போனேன். திரும்பி வந்து கிளம்பி இரண்டு மைல் போவதற்குள் உள்ளே வேக ஆரம்பித்தது. வெட்டிவேர் வாசம் அப்படியே இருக்கிறது, குளிர்ச்சி மட்டும் இல்லை. அண்ணனுக்கு மூச்சு இரைத்தது.

வீரபாண்டியில் ஆற்றோரம் புளியமர நிழலில் நிறுத்தினோம். திருவிழாவுக்கு இன்னும் நாள் இருந்ததால் கூட்டமில்லை. சுருளியாண்டி கூரைமேல் ஏறினார்.

"தண்ணி நிறையக் கெடக்கு டீச்சரம்மா. தட்டியும் சொட்டச் சொட்ட நனஞ்சிருக்கு. பெறகு என்னத்துக்கு இந்த வேக்காடு?"

"டப்பா ஓட்டை அடைத்திருக்குமோ?"

என் சேலை ஊக்கை வாங்கி ஒவ்வொரு துளையாகக் குத்தினார். ஒரு தரம் ஓட்டிப் பார்த்தோம், பலனில்லை. "கணவாப் புழுதி பூராம் தட்டிக்குள்ளதான் இருக்கு," என்று தட்டியைக் கழற்றி ஆற்றில் முக்கி உதறி மாட்டினார். மறுபடி ஓட்டினோம், அதே வேக்காடு. எஞ்சின் சூடு கீழிருந்து ஏறுகிறதென்று தரைப் பலகைமேல் ஈரச் சாக்கை விரித்தார். கடைசியில் தட்டி விற்றவனைத் திட்டத் தொடங்கினார்: "புது வேருன்னு சொல்லிப் பழச வித்துப்புட்டான், நாசமாப் போறவன்!" இதற்குள் மணி இரண்டு. அண்ணன் உதடு வெடித்துவிட்டது. ஊர் இன்னும் பதினெட்டு மைல். இங்கேயே போய்விடுவாரோ என்று இளநீரை அவர் உதட்டில் சொட்டுச் சொட்டாக விட்டேன்.

மூன்றாம் தடவை வண்டி ஓடும்போதுதான் பார்த்தேன். அண்ணனின் நெற்றி முடி அசையவில்லை. முந்தானை நுனியைத் தட்டியின் முன் பிடித்தேன். அதுவும் சும்மா தொங்கியது. தட்டி நனைந்திருக்கிறது, காற்றுத்தான் நுழையவில்லை. ஏன்? உள்ளே வந்த காற்று வெளியேற வழி வேண்டாமா? முன்பக்கக் கண்ணாடிகள் புழுதிக்காகக் காலையிலிருந்தே ஏறியிருந்தன; திறந்திருந்தது அவர் தலைப்பக்கத்து ஜன்னல்தான். அதைப் பார்த்தேன். மேல்வரை கண்ணாடி ஏறியிருந்தது. புழுதி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"டிரைவரே, இந்தக் கண்ணாடியை யார் ஏற்றியது?"

"நான் தொடவே இல்ல டீச்சரம்மா, சத்தியமா."

அண்ணன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நாந்தேன் ஏத்துனேன்."

ஒரு டம்ளரைத் தூக்க முடியாத கை அது. சந்தை முக்கில் நாங்கள் இல்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில் பிடியைச் சுற்றிச் சுற்றி ஏற்றியிருக்கிறார்.

"ஏண்ணே? வேகுதுல்ல உனக்கு?"

"சந்தக்காரக எல்லாம் அங்கன நிக்கிறாக. பருத்தி மூட்டைய ஒத்தையாளாத் தூக்கிப் போட்டவன இப்புடியா பாக்கணும்? இனியும் சின்னமனூரு இருக்கு, பாளையம் இருக்கு. எல்லா ஊருலயும் நம்ம யாவாரிக. மூடியே இருக்கட்டும் ஆத்தா."

"செத்துப் போயிருவண்ணே."

"வேகட்டும்," என்றார். அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. மதினி முகமும், பார்க்காத பிள்ளையும் நினைவுக்கு வந்தன. கண்ணாடியை நான் பாட்டுக்கு இறக்கிவிட்டிருக்கலாம். தடுக்க அவருக்குத் தெம்பில்லை. தெம்பில்லாதவர் என்பதாலேயே என் கை போகவில்லை.

குணமாகி வீடு திரும்பும்போது கட்டிக்கொள்ள என்று மெல்லிய வேட்டி ஒன்றைப் பெட்டியில் வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினேன். நனைத்து, ஒற்றையாகப் பிரித்து, கண்ணாடியை இறக்கிவிட்டு ஜன்னல் முழுக்கத் தொங்கவிட்டோம். கதவை அறைந்து விளிம்புகளை இறுக்கினார் சுருளியாண்டி. வண்டி வேகமெடுத்ததும் வேட்டி வெளிப்பக்கமாகப் புடைத்தது. தட்டியிலிருந்து காற்று ஜில்லென்று என் கழுத்தில் பட்டது. அண்ணனின் நெற்றி முடி மெல்ல அசைந்தது. வெளியிலிருந்து யாருக்கும் ஒன்றும் தெரியாது.

"இப்ப எப்புடிண்ணே?"

"ஊட்டிதேன்," என்றார்.

சின்னமனூரில் நிற்கவில்லை. உத்தமபாளையத்தில் டப்பாவையும் வேட்டியையும் மறுபடி நனைத்துக்கொண்டோம். மணி மூன்றேகாலுக்கு எங்கள் ஊர் வயல் தெரிந்தது. அண்ணன் என் கையைத் தட்டினார்.

"வேட்டிய எடுத்துரு ஆத்தா."

"ஊரு பாக்குமே?"

"பாக்கட்டும். இங்கன எனக்கென்ன வெக்கம்?"

எடுத்தேன். வயலில் நின்றவர்கள் வரப்பில் ஓடி வந்தார்கள். "அண்ணே வந்துட்டாக! உசுரோட வந்துட்டாக!" என்று யாரோ தெருவுக்குள் கத்திக்கொண்டே ஓடினார்கள். நான்கு பேர் தூக்கி நிலைவாசல் தாண்டி உள்ளே படுக்க வைத்தார்கள். மதினி பிள்ளையை அவர் பக்கத்தில் கிடத்தினாள். அதன் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "புள்ளைக்கு வேர்க்குது, விசிறுங்கடி," என்றார். மறுநாள் காலை வெயில் ஏறுமுன் போய்விட்டார். வீட்டுக்குள்தான்.

அதே சாலையில் போகப்போகிறவர்களுக்கு: இருட்டோடு கிளம்புங்கள். வழியில் மூன்று இடத்திலாவது தண்ணீர் பிடியுங்கள். வண்டி நின்றால் தட்டி குளிராது என்பதால் தேனியில் நிற்காதீர்கள், இளநீரை மதுரையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்ச்சி நின்றுவிட்டால் தண்ணீரையும் தட்டியையும் நோண்டுமுன் எதிர்ப்பக்கத்துக் கண்ணாடியைப் பாருங்கள். அது ஏறியிருந்தால் சட்டென்று இறக்கிவிடாதீர்கள்; உள்ளே படுத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மெல்லிய வேட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். சுருளியாண்டியின் விலாசம் கேளுங்கள், தருகிறேன். தட்டிக்குச் சொல்லி வைக்க வேண்டுமென்றால் அதையும் செய்கிறேன். வேட்டியை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அண்ணனோடு சேர்த்து மயானத்துக்கு அனுப்பச் சொல்லி ஊரே கேட்டபோதும் நான் அதைக் கொடுக்கவில்லை.